குறி போடாத பத்தி

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டது ஒரு பாலத்தைப் பற்றி.

அந்தப் பாலம் எந்த ஊரில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. ஆங்கில வாசிப்புத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகத்தில், எட்டாவது பத்தியில் இருந்தது. மார்ச் மாதம் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஏப்ரலில் விளக்கு மாட்டினார்கள். ஜூனில் பாலத்துக்கு அடியில் கூடு கட்டியிருந்த பறவைகள் போய்விட்டன. ஆகஸ்டில் ஆற்றில் தண்ணீர் இறங்கியது. அவ்வளவுதான் பத்தி. கீழே கேள்வி: இந்தப் பத்தி எந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது?

அவள் பென்சிலால் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டாள்.

அந்தக் குறிகள் அவளே வைத்துக்கொண்டவை. நேரப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். ஒன்றினால் இன்னொன்று நடந்தது என்றால் அம்பு. இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இரட்டைக் கோடு. வெறும் பட்டியலென்றால் மூன்று புள்ளி. சிக்கலைச் சொல்லித் தீர்வையும் சொன்னால் ஒரு முடிச்சு. முழுப் புத்தகத்தின் ஓரமும் இப்படித்தான், சின்னப் பிள்ளை கிறுக்கியது போல இருக்கும்.

விடைத்தாள் அவரிடம் இருந்தது. புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்களை அவளே கிழித்து, துணிக்குப் போடும் கிளிப்பை மாட்டி, எட்டு மாதத்துக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிட்டாள். "கை தானா பின்னாடிப் பக்கத்துக்குப் போகுதுங்க. நீங்களே வெச்சுக்கோங்க. நான் கெஞ்சினாலும் தராதீங்க" என்று சொல்லி.

"தப்பு" என்றார் அவர்.

"என்ன தப்பு? பெயின்ட் அடிச்சாங்க, லைட்டு போட்டாங்க, பறவை ஓடிப்போச்சு. காரணம், விளைவு. அம்புதான்."

"வட்டம்னு போட்டிருக்கு மேடம்."

"அச்சடிச்சவன் தூங்கியிருப்பான்."

"ஆமா, எட்டு மாசமா நீங்க தப்பு பண்ற நேரம் பாத்துப் பாத்து அவன் தூங்கறான்."

முறைத்துவிட்டு மறுபடி படித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே விரலை நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்து. பிறகு சிரித்துவிட்டாள்.

"அட ஆமாங்க. ‘அதனால’ன்னு ஒரு எடத்துல கூட இல்ல. நானே நடுவுல ஒரு ‘அதனால’வ போட்டுப் படிச்சிருக்கேன். பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டா போதும் போல. மிச்சத்த நாமளே ஒட்டிக்கறோம்."

"ஒன்பதாவது?"

"மணி ஏழே முக்காலாச்சு. சாயங்காலம் பாத்துக்கலாம்." பென்சிலை அந்தப் பக்கத்திலேயே வைத்துப் புத்தகத்தை மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "நான் வர்றதுக்குள்ள விடையைப் பாத்து வெக்காதீங்க. பாத்துட்டா உங்க மூஞ்சியே சொல்லிடும். அப்புறம் நான் படிக்கறது எதுக்கு?"

"பாக்கல தாயே, போ."

போனாள்.

இதுவரை வந்த வாரங்களில் உடன் இருந்தவர்களுக்கு மீதி தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகச் சில வரிகள். அவர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் குழாய் வேலை செய்கிறவர். அவள் ஒரு மருந்துக் கிடங்கின் மூன்றாவது மாடியில் பெட்டி கட்டுகிறவள். சரிபார்ப்பாளர் வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் புத்தகம். அன்று காலை பத்தேகாலுக்கு, சரக்கு லிஃப்டின் கதவைத் திறந்து, தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகக் கால் வைத்தாள். லிஃப்ட் அங்கே இல்லை. தரைத்தளத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் அவளைப் பார்த்தபோது மணி பன்னிரண்டரை. முகத்தில் காயமே இல்லை. இடது கன்னத்தில் மட்டும் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து, செதில் செதிலாக ஒட்டியிருந்தது. கட்டுப் போடும்போது ஒட்டிய பசை என்று நினைத்துக்கொண்டார். நகத்தால் மெதுவாக, தோல் சிவக்காமல் எடுத்துவிட்டார். அவளுக்கு இனி எதுவும் சிவக்காது என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

அது நடந்து இன்றைக்கு இருபத்து மூன்று நாள்.

•

பகல் பன்னிரண்டு மணிக்கு மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். அதே கிடங்கில் தரைத்தளச் சூப்பர்வைசர். தங்கையை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கையில் பழுப்பு நிறக் கோப்பு ஒன்று இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க மாப்ள. விபத்து அறிக்கை. கூடவே ஒரு தாள். ‘அறிக்கையைப் படிச்சேன், அதுல இருக்கறத ஒத்துக்கறேன்’னு எழுதியிருக்காம். நீங்க கையெழுத்துப் போடணும்."

"எப்போ?"

"மூணு மணிக்குள்ள நான் திருப்பிக் குடுக்கணும். நாளைக்கி தொழிலாளர் ஆய்வாளர் வர்றாரு. உங்க கையெழுத்து இருந்தா அவரு முத்திரை குத்திட்டுப் போயிடுவாரு. கோப்பு முடிஞ்சிரும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பாரு. அம்மாவையும் கூப்பிடுவாங்க. எதுக்கு மாப்ள? போனவ போயிட்டா."

உள் அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "வாங்கிப் போட்டுக் குடுத்துடுங்க மாப்ள. எத்தன நாளைக்கி இதையே கட்டிக்கிட்டு அழறது."

அந்தக் குரலில் அழுகையின் சாயல்கூட இல்லை. அதுதான் அவரை வாட்டியது. மகள் இறந்த முதல் மூன்று நாள் மாமியார் மற்ற அம்மாக்களைப் போலத்தான் அழுதார். நான்காவது நாள் யாரோ துக்கம் கேட்க வந்தவள், லிஃப்ட் கதவில் ‘ஆட்கள் ஏறக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்ததாம், பார்த்தும் போனாளாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு கண்ணீர் நின்றது. அதன்பின் செத்துப்போன மகள் மேல் கோபம். அவளுடைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"எழுதி ஒட்டியிருக்கு, மதிக்காமப் போயிருக்கா" என்பார். "படிக்கறா, படிக்கறான்னு தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினீங்களே. படிச்சவளுக்கு அதப் படிக்கத் தெரியலையா? பெத்தவளை நெனச்சாளா? கட்டினவனை நெனச்சாளா?"

ராத்திரி பகலாக அதே கேள்வியைத்தான் அவரும் மென்றுகொண்டிருந்தார்.

"குடுங்க. படிச்சுட்டுப் போடறேன்" என்றார்.

"படிக்க என்ன மாப்ள இருக்கு? எல்லாம் இங்கிலீஷு."

"அதான் எட்டு மாசம் பக்கத்துல உக்காந்திருந்தேனே."

மச்சான் கோப்பைக் கொடுத்தார். கொடுத்த கை உடனே விடவில்லை.

•

மேசையில் அவளுடைய புத்தகம் அவள் மூடி வைத்த இடத்திலேயே இருந்தது. இருபத்து மூன்று நாளாக அதை யாரும் தொடவில்லை. அவர் புத்தகத்தைத் திறக்காமல், நடுவில் துருத்திக்கொண்டிருந்த பென்சிலை மட்டும் உருவி எடுத்தார். அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்தார்.

அறிக்கை ஐந்து பத்திகள்.

அவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் தினமும் காலையில் அவள் படிக்க, இவர் விடையைப் பார்த்துச் சரியா தப்பா சொல்ல, ஒரு பத்தி எப்படிப் போகும் என்பது மெல்லப் பிடிபட்டிருந்தது. வீட்டுக்குள் குழாய் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற மாதிரிதான். பெரிய குழாய் எங்கே நுழைகிறது, எங்கே கிளை பிரிகிறது, எங்கே போய் முடிகிறது. "உங்களுக்கு எல்லாமே குழாய்தான்" என்று அவள் கேலி செய்வாள். "பரீட்சையில பத்திக்குப் பக்கத்துல ஒரு வால்வு வரைஞ்சு குடுத்துட்டு வரவா?"

தெரியாத சொற்களுக்கு அவளுடைய அகராதியைப் புரட்டினார். முதல் பத்தி கட்டடத்தைப் பற்றியது. நான்கு மாடி, இரண்டு லிஃப்ட், இத்தனை ஆட்கள். பட்டியல். ஓரத்தில் மூன்று புள்ளி வைத்தார்.

இரண்டாவது பத்தி அன்றைய காலை. எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. ஒன்பது பத்துக்கு முதல் சரக்கு இறங்கியது. ஒன்பது ஐம்பதுக்குப் பெட்டிகள் மூன்றாவது மாடியில் தயாராயின. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மணி போட்டிருந்தது. வட்டம்.

மூன்றாவது பத்தியில் அவள் இருந்தாள்.

பெயரில்லை. ‘பெட்டி கட்டும் ஊழியர்’ என்று இருந்தது. சரக்கு லிஃப்ட் ஆட்கள் ஏறுவதற்கானது அல்ல. மூன்றாவது மாடிக் கதவில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டப்பட்டுள்ளது. ஊழியர் கதவைத் திறந்தார். பின்புறமாக உள்ளே கால் வைத்தார். லிஃப்ட் தரைத்தளத்தில் இருந்தது.

அவர் அதை மூன்று முறை படித்தார். மாமியார் சொன்னது சரிதான். எழுதி ஒட்டியிருக்கிறது. மீறிப் போயிருக்கிறாள். ‘ஏண்டி’ என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். நிமிர்ந்து பார்த்த மச்சான், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓரத்தில் அம்பு போடப் பென்சிலைக் கொண்டுபோனார்.

அம்பின் முனை காகிதத்தில் படும் முன்பே கை நின்றது.

எங்கே அந்த ‘அதனால்’?

மறுபடி பார்த்தார். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்தினார். அவள் செய்கிற மாதிரியே, வாய்க்குள் முணுமுணுத்தபடி. ‘பார்த்தும் போனாள்’ என்று அறிக்கையில் இல்லை. ‘மீறினாள்’ என்று இல்லை. நோட்டீஸ் ஒரு வாக்கியம். அவள் கதவைத் திறந்தது அடுத்த வாக்கியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நடுவில் ஒட்டிக்கொண்டது அவருடைய மனசு. துக்கம் கேட்க வந்தவளின் மனசு. பெற்ற தாயின் மனசு.

அப்படியானால் வட்டமா? வட்டம் என்றால் மணி இருக்க வேண்டும். இரண்டாவது பத்தியில் மணி இருந்தது. நான்காவது பத்தியைப் பார்த்தார். பத்தேகாலுக்குச் சத்தம் கேட்டது. பத்து இருபதுக்கு ஆம்புலன்ஸுக்குத் தகவல். பத்து நாற்பதுக்கு வண்டி புறப்பட்டது. பதினொன்று பத்துக்கு ஆஸ்பத்திரியில் இறப்பு உறுதி செய்யப்பட்டது. முன்னும் பின்னும் கடிகாரம் ஓடுகிறது. நடுவில் இருக்கிற இந்த ஒரு பத்தியில் மட்டும் கடிகாரம் இல்லை.

குழாய் வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரில் ஈரம் தெரிகிற இடத்தை உடைக்க மாட்டார். ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்ப்பார். எதை மூடினால் சொட்டு நிற்கிறதோ, கோளாறு அந்தக் கிளையில்.

நோட்டீஸ் வாக்கியத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினார்.

மிச்சத்தைப் படித்தார். ஊழியர் கதவைத் திறந்தார். கால் வைத்தார். லிஃப்ட் தரைத்தளத்தில் இருந்தது.

லிஃப்ட் கீழே இருக்கும்போது மூன்றாவது மாடியில் கதவு எப்படித் திறந்தது?

இருபத்து மூன்று நாளில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. விரலை எடுத்தால் கேள்வி மறைகிறது. ‘இவள் ஏன் போனாள்’ என்பது முன்னால் வந்து நிற்கிறது. மூடினால் ‘கதவு ஏன் திறந்தது’ என்பது வருகிறது. அவர் இரண்டு மூன்று தடவை விரலை வைத்தும் எடுத்தும் பார்த்தார். சொட்டு நின்றது, மறுபடி விழுந்தது.

ஐந்தாவது பத்தி, எடுக்கப்பட்ட நடவடிக்கைகள். மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு மாற்றப்பட்டது. லிஃப்ட் அருகே விளக்கு பொருத்தப்பட்டது. நான்கு மாடிகளிலும் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

மூன்று புள்ளி. பட்டியல்.

நான்கு மாடிகளிலும்.

•

"மச்சான்."

"போட்டாச்சா?"

"ஒரு விஷயம். மூணாவது மாடி நோட்டீஸ் எப்ப ஒட்டினது?"

மச்சான் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தார். "இருக்கும். ரொம்ப நாளா இருக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் கீழ் மாடி மாப்ள. மேல என்ன ஒட்டியிருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"கடைசிப் பத்தியில, விபத்துக்கு அப்புறம் நாலு மாடியிலயும் ஒட்டினதா எழுதியிருக்கு. மூணாவது மாடியில முன்னாடியே இருந்தா, மிச்ச மூணு மாடியிலன்னுதானே இருக்கணும்?"

"பழசு கிழிஞ்சிருக்கும். புதுசா ஒட்டியிருப்பாங்க. அதையெல்லாமா தோண்டறது?"

"கேட்டா சொல்லுங்களேன். அவ எட்டு மாசம் வீட்ல வந்து எல்லாத்தையும் சொல்லுவா. கேன்டீன்ல கரண்டி ஒடஞ்சா கூட சொல்லுவா. நோட்டீஸப் பத்திச் சொன்னதே இல்ல. இங்கிலீஷ்ல ஒரு காகிதம் சுவத்துல இருந்தா அதக் கொண்டாந்து, ‘இது வட்டமா அம்பா சொல்லுங்க பாப்போம்’னு என் உயிர எடுத்திருப்பா."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. சிரிப்பாகத் தொடங்கிய முகம் பாதியில் வேறு எதுவாகவோ கோணியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு. உட்கார்ந்ததில் பக்கத்தில் இருந்த குழாய்க் கருவிப் பை சாய்ந்து, ஸ்பேனர் ஒன்று வெளியே உருண்டது.

"மெதுவாப் பேசுங்க மாப்ள" என்றார். உள் அறைக் கதவைப் பார்த்தார். "அம்மாவுக்குக் கேக்கும்."

குழாய்க்காரர் எழுந்து போய் எதிரில் உட்கார்ந்தார்.

"நான்தான் ஒட்டினேன்."

மச்சான் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"வண்டி வந்துச்சு. அவளை ஏத்தினாங்க. நானும் ஏறப் போனேன். கால வெச்சுட்டேன் மாப்ள, ஒரு கால் வண்டியில இருக்கு. மேனேஜர் தோளைப் புடிச்சாரு. ‘நீ இரு, ரெண்டு நிமிஷ வேலை, முடிச்சுட்டு என் வண்டியிலேயே போ’ன்னாரு. நாலு காகிதமும் பசை டப்பாவும் குடுத்தாங்க. ஒவ்வொரு மாடியா ஒட்டிட்டு வரச் சொன்னாங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் படிக்கல. படிச்சாலும் புரிஞ்சிருக்காது. அன்னிக்கி எதைக் குடுத்திருந்தாலும் ஒட்டியிருப்பேன். கையி என்ன பண்ணுதுன்னே தெரியல."

"மணி?"

"பதினொண்ணு. அவ வண்டி போயி இருவது நிமிஷம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆஸ்பத்திரி. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு." மச்சான் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "கை கூடக் கழுவல. அந்தப் பசையோடதான் அவ கன்னத்தப் புடிச்சேன்."

குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளைச் செதில். இடது கன்னம். நகத்தின் நுனியால், தோல் சிவக்காமல்.

வேறு எந்தச் சாட்சியும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த நோட்டீஸ் எப்போது வந்தது என்பதை அவருடைய நகமே இருபத்து மூன்று நாளுக்கு முன்பு பார்த்துவிட்டது. அவருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

சமையலறைக் குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் குழாய் சரிசெய்கிறவர் வீட்டுக் குழாய் ஒழுகும் என்று அவள் சொல்லிச் சொல்லிச் சலித்த சொட்டு.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு? என்ன ஒட்டினோம்னு?"

"நாலாவது நாள். அந்தப் பொம்பளை வந்து அம்மாகிட்ட சொன்னாளே, அப்போ நான் வாசல்ல நிக்கறேன். ‘நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சாம்’னு அவ சொல்லறா. எனக்கு அப்பத்தான் பளீர்னு அடிச்சுது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் மச்சான். அம்மா அவளைத் திட்டறப்பவாவது."

"என்னன்னு சொல்ல? உன் பொண்ணு தப்பு பண்ணல, உன் பையன்தான் பண்ணினான்னா? பொண்ணு போயிட்டா. பையனும் போகணுமா அவங்களுக்கு?" குரல் உடைந்தது. "மாப்ள, கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. எனக்கு இந்த வேலையை விட்டா வேற எதுவும் தெரியாது. அம்மா கோபம் போகப் போகத் தணிஞ்சிரும்."

"தணிஞ்சா?"

"என்ன?"

"தணிஞ்சதுக்கு அப்புறமும் அவ படம் பீரோவுக்குள்ளதானே மச்சான் இருக்கும்."

மச்சான் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

•

அவருக்கு மச்சான் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. வண்டியில் ஒரு கால் வைத்தபடி நிற்கிற அந்த மனுஷன்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தார். அடுத்த காலையும் வைத்திருந்தால்? அவள் பிழைத்திருக்க மாட்டாள். ஆனால் போகிற வழியில் பக்கத்தில் ஒருவர் இருந்திருப்பார்.

மேசைக்குத் திரும்பினார். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற தாளை எடுத்தார். கையெழுத்துக்கான கோட்டைத் தொடாமல், அதன் மேலே இருந்த காலி இடத்தில் பென்சிலால் தமிழில் எழுதினார். நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

‘மூன்றாவது பத்தியில் நேரம் இல்லை. நோட்டீஸ் ஒட்டிய நேரத்தை எழுதவும். லிஃப்ட் கீழே இருந்தபோது மேலே கதவு எப்படித் திறந்தது என்று எழுதவும். எழுதிய பின் படித்துக் கையெழுத்திடுகிறேன்.’

மடித்துக் கோப்புக்குள் வைத்தார். மச்சானிடம் நீட்டினார்.

"இதைக் கொண்டுபோய்க் குடுங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல."

"எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? நாளைக்கி அந்த ஆபீஸர் முதல்ல யாரு ஒட்டினான்னுதான் கேப்பாரு."

"கேப்பாரு."

"அப்போ?"

"அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். என்னால முடிஞ்சது, நான் சொல்லாம இருக்கறது. ஆபீஸர்கிட்டயும் சரி, அத்தைகிட்டயும் சரி, உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். ஆனா அவதான் தப்பு பண்ணினான்னு எழுதின தாள்ல கையெழுத்தும் போட மாட்டேன்."

மச்சான் கோப்பை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது இருவருக்கும் நடுவில் தொங்கியது.

உள் அறையிலிருந்து மறுபடி குரல். "டேய் பெரியவனே. இன்னும் என்னடா குசுகுசுன்னு? மணி ஒண்ணே முக்காலாகுது. மூணு மணிக்கு எப்படிப் போவ? போட்டாச்சா இல்லையா?"

"இல்லம்மா."

"ஏனாம்? அவ பண்ணின வேலைக்கு இன்னும் எத்தன பேரு அலையணும்?"

மச்சான் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாய்ந்து கிடந்த பையை நிமிர்த்தி, உருண்டுபோன ஸ்பேனரை எடுத்து உள்ளே வைத்தார். கோப்பை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசல் பக்கம் இரண்டடி நடந்தார். நின்றார். வாசலைப் பார்த்தார், உள் அறைக் கதவைப் பார்த்தார்.

பிறகு செருப்பைக் கழற்றினார்.

அவர் வீட்டுக்குள் வந்ததிலிருந்து செருப்போடுதான் நின்றிருந்தார் என்பது குழாய்க்காரருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. நுழைந்ததும் ஓடிவிடத் தயாராக வந்தவர்.

"அம்மா" என்றார் மச்சான், கதவைத் தள்ளிக்கொண்டு. "கொஞ்சம் எந்திரிச்சு உக்காரு."

"எதுக்குடா? என்னடா மூஞ்சி இப்படி இருக்கு?"

"உக்காரும்மா. சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. கட்டில் கிறீச்சிட்டது. அதன் பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை. மச்சான் எங்கிருந்து தொடங்குவார்? நேரப்படியா, காரணப்படியா? வண்டியில் வைத்த காலிலிருந்தா, பசை டப்பாவிலிருந்தா? தொடங்குவாரா?

குழாய்க்காரர் எழுந்துபோய்க் கேட்கவில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் சொட்டு விழுந்தது.

பென்சிலை இருந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. தீக்குச்சி இருந்த பக்கத்தில் புத்தகத்தைத் திறந்தார். எட்டாவது பத்தியின் ஓரத்தில் அவள் போட்ட அம்பு இருந்தது. அதன் மேல் ஓர் அடித்தல். பக்கத்தில் ஒரு வட்டம், அவசரத்தில் கோணலாக. அதற்குக் கீழே ஒன்பதாவது பத்தி.

விடைத்தாள் கைக்கெட்டும் தூரத்தில், கிளிப் மாட்டியபடி கவிழ்ந்து கிடந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. பென்சிலைப் பக்கத்தின் நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடினார்.

ஒன்பதாவது பத்தியின் ஓரம் காலியாகவே இருந்தது.